ஒலிப்பதிவில் நான் கற்ற பாடம்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் எழுதியபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நெடுநேரம் தயங்கினேன். கல்லூரியின் வரலாற்றை எழுத என்னினும் தகுதி வாய்ந்த மூத்தோர் பலர் உளர். விளையாட்டைப் பற்றி எழுதலாமெனின், நான் பந்தைத் துரத்தியதிலும் பந்து என்னைத் துரத்தியதே அதிகம். ஆகவே, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என் பொழுதுபோக்காக இருந்துவரும் ஒலிப்பதிவைப் பற்றியே எழுதத் துணிந்தேன். வீட்டிலும் கோயிலிலும் தோட்டத்து லயத்திலும் ஒலிப்பதிவு செய்ய விரும்பும் இளைஞர்க்குச் சில நடைமுறைக் குறிப்புக்களைக் கூறுவதே என் நோக்கமாகும். அவற்றை நான் நூல்களிற் கற்றதிலும் ஒரு பெரும் பிழையிற் கற்றதே அதிகம். ஆதலால் முதலில் அப்பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

ஹற்றனை அடுத்த டிக்கோயாப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்திற் பிறந்தவன் நான். மலையிலிருந்து இறங்கிவந்து நம் கல்லூரி விடுதியிற் சேர்ந்தபோது, என் பேச்சைக் கேட்டுச் சிரித்த நண்பர்களே பின்னர் என்னைக் காமன் கூத்துப் பாடும்படி விடுதி மண்டபத்தில் வற்புறுத்துவர். பாதி பாடி, மீதி மறந்து நிற்பேன். முழுவதும் அறிந்தவர் என் பெரியப்பா. பகலில் மலையிற் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி அவர். மாசி பிறந்துவிட்டால் தோட்டம் முழுவதற்கும் கூத்து வாத்தியார்.

மலையகத் தோட்டங்களிற் பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து என்னும் மூன்று கூத்துக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருகின்றன. அவற்றுட் காமன் கூத்து, தவத்திலிருந்த சிவபெருமான்மீது மன்மதன் மலர்க்கணை தொடுத்ததையும், நெற்றிக்கண்ணால் அவன் எரிந்ததையும், இரதி புலம்பி அவனை மீட்டதையும் கூறுவது. மாசி மாதத்திற் காமன் கம்பம் ஊன்றுவதோடு தொடங்கி, பல இரவுகள் நடந்து, காமன் தகனத்தோடு உச்சம் அடையும். தீயிற் காய்ச்சி இறுக்கிய தப்பின் ஓசை மலைக்கு மலை எதிரொலிக்கும். அதே கூத்தில் இரதியின் புலம்பலோ அருகில் இருப்போர்க்கு மட்டுமே கேட்கும் அளவுக்கு மெலிந்து ஒலிக்கும். இந்த இரு எல்லைகளையும் நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒலிப்பதிவின் முழுச் சிக்கலும் இவற்றுக்கு இடையிலேயே இருக்கிறது.

1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரையும் இரு நாடுகளும் 1974 இற் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பெரியப்பா குடும்பம் இந்தியாவின் பங்கிற் போயிற்று. தந்தை வழியில் ஒரே குடும்பமாக இருந்த நாங்கள் இலங்கையின் பங்கில் நின்றோம். அவர்களுக்குப் பயண ஆயத்தம் வந்தது 1981 ஆம் ஆண்டில். அவ்வாண்டு மாசியில் நடந்ததே பெரியப்பா முன்னின்று நடத்திய கடைசிக் கூத்து.

நான் அப்பொழுது ஹற்றனில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். நண்பர் ஒருவரிடம் கசெற் ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு தகன இரவன்று தோட்டத்துக்குப் போனேன். ஒலிமட்டத்தைக் காட்டும் முள்ளும், அம்மட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் அப்பெட்டியில் இருந்தன. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுத் தொட்டு மீண்டால் பதிவு நன்றாயிருக்கும் என்று நண்பர் கூறியிருந்தார். ஒலிவாங்கியைத் தப்புக்காரருக்கு மூன்றடி தூரத்தில் ஒரு கம்பிற் கட்டினேன். பெரியப்பா பத்தடிக்கு அப்பால் நின்று பாடினார். அவருடைய குரலுக்கு முள் எழும்பவில்லை என்று குமிழைத் திருப்பினேன், பின்னும் திருப்பினேன். தப்புக்காரர் நால்வரும் சேர்ந்து அடித்தபோது முள் சிவப்புக்குள் ஆடியது. நான் மகிழ்ந்தேன்.

மறுநாள் மாலை, பெரியப்பா தம் காம்பராவின் இஸ்தோப்பில் அமர்ந்து, அடுத்த ஆண்டு இரதி வேடம் கட்டவேண்டிய பையனுக்குப் புலம்பலைச் சொல்லிக்கொடுத்தார். நாடாவைத் திருப்பிப் போட்டு அதனையும் பதிந்தேன். தப்பு இல்லை, தாளமுமில்லை. எட்டடி தூரத்தில் தாழ்ந்த குரலிற் பாடினார். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. அவரை நிறுத்தச் சொல்வது மரியாதையன்று என்று குமிழைத் தொடாமல் விட்டேன். 'இது பதியவில்லை, நேற்றையது போதும்' என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த வாரமே நாடாவைப் போட்டுக் கேட்டேன். முதற்பக்கம் முழுவதும் கிழிந்த தகரத்தைக் கல்லிற் தேய்த்த ஓசை. தப்பின் ஒவ்வோர் அடியிலும் ஒலி உடைந்து, அதனோடு ஒலித்த பெரியப்பாவின் குரலையும் உடைத்திருந்தது. மறுபக்கத்தைச் சில வினாடி கேட்டேன். வெறும் இரைச்சலென்று நிறுத்திவிட்டேன்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் அவர்கள் புறப்பட்டார்கள். ஹற்றன் புகையிரத நிலைய மேடையிற் கோச்சிக்குக் காத்திருந்தபோது பெரியப்பா கேட்டார்: "தம்பி, பாட்டு நல்லா விழுந்துச்சா?"

"நல்லா விழுந்துச்சு, பெரியப்பா."

"அப்ப இன்னொரு கசெற்றுல எடுத்து அனுப்பிவிடு. அங்க பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டணும்."

அனுப்புகிறேன் என்றேன். தலைமன்னார் வழியாக இராமேச்சுரம் சென்று, நீலகிரியிற் கோத்தகிரிப் பக்கம் குடியேறினார்கள். 1984 இற் கப்பற் போக்குவரத்தும் நின்றது. பெரியப்பா ஆறாண்டுகளின் பின் அங்கேயே காலமானார். நாடா என் தகரப் பெட்டியிற் கிடந்தது.

இனி, நான் செய்த பிழை யாதென்பதை விளக்குவேன். ஒலிவாங்கி ஒலியலையை மின்னலையாக மாற்றுகிறது. ஒலி பெரிதாகப் பெரிதாக மின்னலையின் வீச்சமும் பெரிதாகும். ஆனால் அதனை வாங்கிக்கொள்ளும் பெருக்கிக்கும் நாடாவுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையைக் கடந்த அலையின் உச்சி நசுங்கித் தட்டையாகும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் மறுபடி தளிர்க்கும். வெட்டுண்ட அலை மறுபடி தளிர்க்காது. எவ்வளவு உயரம் வெட்டுண்டது என்பது எங்கும் எழுதப்படாமையால், இன்றைய கணினியும் அதனை ஊகித்து ஒட்டுமேயன்றி உள்ளபடி மீட்டுத் தராது.

முள்ளை நம்பியது இரண்டாவது பிழை. அவ்வகை முள், ஒலியின் முழு அளவைக் காட்ட ஏறத்தாழ 0.3 வினாடி எடுக்கும். நீட்டிப் பாடும் குரலுக்கு அது பொருந்தும். தப்பின் அடியோ வினாடியின் ஆயிரத்திற் சில கூற்றிலேயே உச்சத்துக்கு எழுந்து விழும். முள் எழுவதற்குள் அடி முடிந்துவிடும். ஆகவே முள் சிவப்பைத் தொட்டபோது உண்மையான உச்சம் சிவப்பைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது.

அப்படியாயின் நண்பர் கூறியது பொய்யா? அன்று, அதற்கும் காரணம் உண்டு. 1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கசெற்றின் நாடா 3.81 மில்லிமீற்றர் அகலமே உடையது. வினாடிக்கு 4.76 சென்றிமீற்றர் வேகத்திலேயே அது ஓடும். வானொலி நிலையங்களில் வழங்கிய பெருஞ்சுருள் நாடாவோ 6.35 மில்லிமீற்றர் அகலமுடையது. வினாடிக்கு 19 அல்லது 38 சென்றிமீற்றர் ஓடியது. ஒடுங்கி மெதுவாக ஓடும் நாடாவில் 'உஸ்' என்னும் இரைச்சல் இயல்பிலேயே மிகும். அதனை மூழ்கடிக்கவே ஒலியைச் சற்று உயர்த்திப் பதியும் வழக்கம் வந்தது. நாடாவுக்குப் பொருந்திய அவ்விதியைக் கருவி மாறிய பின்பும் கைவிடாதிருப்பதே இக்காலத்து இளைஞர் பலரிடம் நான் காணும் தவறு.

இன்றைய இலக்கமுறைக் கருவியில் உச்ச எல்லை பூச்சியம் டெசிபெல். அதன்கீழ் உள்ளவை யாவும் கழித்தல் எண்கள். 6 டெசிபெல் கூடினால் மின்னழுத்தம் இரு மடங்காகும். 20 கூடினாற் பத்து மடங்கு. 40 கூடினால் நூறு மடங்கு. 16 பிற்றுப் பதிவில் உச்சத்துக்கும் அடித்தளத்துக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் இடமுண்டு. 24 பிற்றில் அது கணக்கின்படி 144 ஆகும். கருவியின் சொந்த இரைச்சலால் நடைமுறையில் அதனிற் குறையும். எவ்வாறாயினும் கசெற்றின் பழைய நெருக்கடி இல்லை. ஆகவே 24 பிற்றைத் தெரிந்துகொண்டு, மிகப் பெரிய ஒலியும் கழித்தல் 12 ஐத் தாண்டாதபடி குமிழை வையுங்கள். பதிவு மெலிந்திருக்கிறதே என்று கவலற்க. மெலிந்ததைப் பின்பு உயர்த்தலாம். உடைந்ததை ஒட்ட முடியாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று முன்னோர் கூறியது இத்தொழிலுக்கென்றே கூறியது போலும்.

மட்டத்தைச் சரிபார்க்கும்போது, பாடுபவரை 'ஒன்று, இரண்டு' என்று எண்ணச் சொல்லிப் பயனில்லை. நிகழ்ச்சியின் மிக உரத்த பகுதியைப் பாடச் சொல்லுங்கள். தப்புக்காரரைத் தகன அடி அடிக்கச் சொல்லுங்கள். அதற்கு மேலும் 6 டெசிபெல் விட்டுவையுங்கள். கூட்டம் கூடி உருவேறியபின் ஒருவரும் ஒத்திகையில் அடித்ததுபோல் அடிக்கமாட்டார்.

குமிழிலும் முக்கியமானது ஒலிவாங்கியை வைக்கும் இடம். திறந்த வெளியிற் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். ஆகவே பாடுபவரின் வாயிலிருந்து ஒன்றிரண்டு சாண் தூரத்தில், மூச்சு நேரே மோதாதபடி சற்றுப் பக்கமாக ஒலிவாங்கியை நிறுத்துங்கள். தப்பைப் பத்தடிக்கு அப்பால், ஒலிவாங்கியின் பின்புறமாக நிற்கச் செய்யுங்கள். இரண்டு ஒலிவாங்கிகள் இருப்பின் குரலை ஒன்றிலும் தப்பை மற்றொன்றிலும் தனித்தனித் தடமாகப் பதியலாம். நான் அன்று செய்தது இதற்கு முற்றிலும் மாறானது என்பதை வாசகர் இதற்குள் உணர்ந்திருப்பர்.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து நேரே வயர் எடுத்துப் பதிவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒலிவாங்கி தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ற்றின் ஆயிரத்திற் சில பங்கு. மிக்சரின் வெளியீடோ, வீட்டுக் கருவிக்குரிய அளவாயின் சுமார் 0.3 வோல்ற்று, தொழில்முறை அளவாயின் 1.23 வோல்ற்று. இதனை ஒலிவாங்கிக்குரிய துளையிற் செருகினால் முதற்பெருக்கியே திணறிவிடும். அதன்பின் குமிழை எவ்வளவு குறைத்தாலும் உடைந்த ஒலி சிறிதாகுமேயன்றிச் சீராகாது. கருவியில் 'லைன்' என்று குறித்த துளையையோ அவ்வாறமைக்கும் ஆளியையோ பயன்படுத்துக. வயர் இணைத்ததும் ஒரே சீரான ரீங்காரம் எழுந்தால், அது நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அலைவும் அதன் மடங்குகளும் ஆகும். பதிவுக் கருவியை மின்கலத்தில் இயக்கிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

லயத்துக் காம்பராவிற் பதிவோர்க்குத் தகரக்கூரையே முதற் பகை. மழை பெய்யத் தொடங்கினாற் கருவியை மூடிவைத்துவிட்டுத் தேநீர் அருந்துவதே அறிவுடைமை. வெறுஞ் சுவர்களிற் பட்டு எதிரொலிக்கும் ஓசைக்கோ மருந்து வீட்டிலேயே உண்டு. கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்கும் குளிருக்கும் போர்த்திய கம்பளியை மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வகைத் தடித்த கம்பளி இரண்டைப் பாடுபவரின் பின்னும் பக்கத்திலும் தொங்கவிட்டால் எதிரொலி பெரிதும் அடங்கும். மலைக்காற்று வீசும் வெளியில் ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை அணிவித்து, கருவியில் இருக்குமாயின் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியைத் தடுக்கும் ஆளியையும் போட்டுவிடுங்கள்.

தனிக்கருவி வாங்க இயலாத மாணவர் கைத்தொலைபேசியிலும் நல்ல பதிவு செய்யலாம். சுருக்கப்படாத 'வேவ்' கோப்பாகப் பதியும் செயலியைத் தெரிந்துகொள்க. ஒலிமட்டத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பை நிறுத்த முடியுமாயின் நிறுத்திவிடுக. பாட்டி பாட்டுக்கிடையே மூச்சு வாங்கும்போது, அவ்வமைப்பு வெளியிலுள்ள சில்வண்டைப் பாட்டியினும் பெரிதாக்கிவிடும். பதிவின் நடுவே அழைப்பு வராதபடி தொடர்பையும் துண்டித்துக்கொள்க. 32 பிற்று மிதவைப் புள்ளிக் கருவிகள் இப்பொழுது கிடைக்கின்றன. அவற்றிற் கோப்பு உடையாதென்பது உண்மையே. எனினும் ஒலிவாங்கியே திணறினால் அவையும் காப்பாற்றமாட்டா. 48,000 மாதிரி, 24 பிற்று, இரு தடம் என்னும் அளவிற் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைற்று வேண்டும். நினைவட்டை மலிந்த இக்காலத்தில் அது பெரும் செலவன்று.

வீட்டிற் பழைய கசெற்றுக்கள் வைத்திருப்போர்க்கும் ஒரு சொல். மலையகத்தின் ஈரம் நாடாவிற் பூஞ்சணத்தை வளர்க்கும். வெண்பொடி படிந்த நாடாவை ஓட்டாதீர்கள். அது நாடாவையும் கருவியையும் கெடுக்கும். அறிந்தவரிடம் காட்டுங்கள். நல்ல நாடாவாயின், மேலே பதிந்துவிடாதபடி அதன் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்ரிக் தகட்டை முதலில் முறித்துவிடுங்கள். கருவியின் தலையை ஐசோபுரோப்பைல் மதுசாரம் தோய்த்த பஞ்சாற் துடைத்து உலரவிட்டு, நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றியபின் கணினிக்கு மாற்றுங்கள். மாற்றும்போதும் உச்சம் கழித்தல் 6 ஐத் தாண்டலாகாது. மூன்று பிரதிகள் வைத்திருங்கள். அவற்றுள் ஒன்றாவது வேறோர் ஊரில் இருக்கட்டும்.

இம்முறையிலேயே, ஓய்வு பெற்றபின் ஒருநாள் அந்த 1981 ஆம் ஆண்டு நாடாவை எடுத்தேன். முதற்பக்கம் நான் முன்பு கேட்டவாறே இருந்தது. எந்த மென்பொருளும் அதற்கு உதவவில்லை. கடமைக்காக மறுபக்கத்தையும் மாற்றினேன். கணினித் திரையில் ஒலியலை ஒரு நூலிழைபோல் மெலிந்து தெரிந்தது. 24 டெசிபெல் உயர்த்தினேன். நாடா இரைச்சலும் கூடவே உயர்ந்தது. ஆனால் அதன் நடுவே, உடையாமல், திரியாமல், பெரியப்பா பாடிக்கொண்டிருந்தார். ஓரடி பாடுகிறார்; பையன் திருப்பிச் சொல்கிறான்; பிழை திருத்துகிறார்; மறுபடி பாடுகிறார். இருபத்திரண்டு நிமிடம். இரதியின் புலம்பல் முழுவதும் இருந்தது. பதியவில்லை என்று நான் தள்ளிய பக்கமே எஞ்சியிருந்தது. ஒலி எல்லைக்குள் நின்றதொன்றே அதற்குக் காரணம்.

அன்றிரவே கோத்தகிரியிலுள்ள பெரியப்பாவின் மகளுக்கு அக்கோப்பை அனுப்பினேன். அரைமணி நேரம் கழித்து அழைத்தார். வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "தம்பி, அப்பா இருமுறதுகூடக் கேக்குது" என்றார். ஹற்றன் நிலையத்தில் நான் சொன்ன பொய்யை அப்பொழுது அவரிடம் சொல்லிவிட்டேன். "அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நல்லா விழுந்திருந்தா நீயே கொண்டாந்து போட்டுக் காட்டியிருப்பேல்ல" என்றார்.

மலையகத்து மக்கள் பாடல்களைத் தோட்டந்தோறும் கேட்டுத் தொகுத்து அச்சேற்றிய சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுக்கு (1914–1984) நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். அச்சு சொல்லைக் காத்தது. ஆனால் இழுப்பும் குழைவும், மூச்சு நின்று எழும் இடமும் அச்சில் ஏறுவதில்லை. அவற்றைக் காக்கும் கருவி இன்று ஒவ்வொரு மாணவனின் சட்டைப்பையிலும் இருக்கிறது. கல்லூரி விடுமுறையில் வீடு செல்லும் மாணவர், தாலாட்டும் ஒப்பாரியும் கூத்துப்பாட்டும் அறிந்த ஒரு முதியவரையாவது அருகில் அமர்ந்து பதிந்து வருவார்களாக. பதியுமுன் அவருடைய இசைவைக் கேளுங்கள். பதிந்தபின் அவருக்கே முதலிற் போட்டுக் காட்டுங்கள். கேட்டவர்க்குப் பிரதி தருவதாகச் சொன்னாற் காலந்தாழ்த்தாது கொடுத்துவிடுங்கள்.

குமிழைச் சற்றுக் குறைத்தே வையுங்கள். நாற்பதாண்டு கழித்துக் கேட்போர் அதனை உயர்த்திக்கொள்வர்.

— ஒரு பழைய மாணவன்